கழுத்து டிஸ்க் காயம்: வலி குறைந்ததும் சுமை தூக்கலாமா?

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், பட்டர்வொர்த் துறைமுகத்தில் கொள்கலன் கட்டுபவருக்கும், நிபோங் திபாலில் செம்பனைக் குலை வெட்டுபவருக்கும், ஜார்ஜ்டவுனில் நாசி கண்டார் கடையில் அண்டா தூக்குபவருக்கும் கழுத்தில் டிஸ்க் பிதுங்கினால் கடைசியில் கையில் மிஞ்சுவது மூன்று தாள்கள். எம்ஆர்ஐ அறிக்கை, எம்சி எனும் மருத்துவ விடுப்புச் சான்றிதழ், ‘லைட் டியூட்டி’ (எளிய வேலை) என்று இரண்டே சொல் எழுதிய ஒரு கடிதம். அறிக்கையைப் படித்தால் பயம் வருகிறது. எம்சி சீக்கிரம் முடிந்துவிடுகிறது. லைட் டியூட்டி என்றால் எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்பது ஊழியருக்கும் தெரிவதில்லை, மேற்பார்வையாளருக்கும் தெரிவதில்லை.

இந்தக் குழப்பம் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே விஷயம் இருக்கிறது. வலி குறைய ஒரு காலம் ஆகிறது, கழுத்து பழைய சுமையைத் தாங்கத் தயாராக வேறொரு காலம் ஆகிறது. இரண்டுக்கும் நடுவே பல வாரங்கள், சிலருக்குப் பல மாதங்கள். காயம் திரும்ப வருவதும் வேலை பறிபோவதும் பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான்.

கழுத்துக்குள் என்ன நடக்கிறது

கழுத்தில் 7 எலும்புகள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கின்றன. மருத்துவர்கள் மேலிருந்து கீழாக சி1, சி2 என்று எண் கொடுக்கிறார்கள். சி2-க்குக் கீழே ஒவ்வொரு எலும்புக்கும் நடுவில் ஒரு டிஸ்க். வெளியே உறுதியான நார் வளையம், உள்ளே மெத்தென்ற கூழ். பூரணக் கொழுக்கட்டையை அழுத்தினால் மாவு விரிந்து பூரணம் வெளியே தள்ளுமே, ஏறக்குறைய அப்படித்தான் நார் வளையம் நைந்த இடத்தில் கூழ் பிதுங்குகிறது.

பிதுங்கல் மட்டும் இருந்தால் கழுத்து வலியோடு போய்விடலாம். அது பின்பக்கம் போய்க் கைக்கு இறங்கும் நரம்பின் வேரைத் தொடும்போதுதான் ஆள் சுருண்டுபோகிறார். தோளிலிருந்து விரல் நுனி வரை கரண்ட் அடித்த மாதிரி வலி, மரமரப்பு, பலக்குறைவு எல்லாம் வருகின்றன. நரம்பு நசுங்குவதோடு, வெளியே வந்த கூழ் ஏற்படுத்தும் அழற்சியும் இந்த வலிக்குக் காரணம். அழற்சி அடங்கினால், படத்தில் பிதுக்கம் அப்படியே இருந்தாலும் வலி குறைந்துவிடும்.

அதிகம் பழுதாகிற இடங்கள் இரண்டு: சி5-சி6, சி6-சி7. எந்த விரல் மரத்துப்போகிறது என்பதிலிருந்து எந்த நரம்பு என்று ஓரளவு ஊகிக்கலாம்.

1. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மரத்துப்போனால், சி6 நரம்பு. முழங்கையை மடக்கித் தூக்குவதும் மணிக்கட்டை மேலே நிமிர்த்துவதும் பலவீனமாகும்.
2. நடுவிரல் என்றால், சி7. தள்ளும் பலம் குறையும். தள்ளுவண்டி தள்ளுபவர் இதை உடனே கவனிப்பார்.
3. சுண்டுவிரல் பக்கம் என்றால், சி8. பிடி தளரும், கருவி கையிலிருந்து நழுவும்.

நீரிழிவு உள்ளவர்கள் இதில் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். மலேசிய இந்தியர்களிடம் நீரிழிவு மற்ற இனத்தாரைவிட அதிகம். சர்க்கரையாலும் கை கால் மரத்துப்போகும், மணிக்கட்டில் நரம்பு நெருக்கப்பட்டாலும் விரல் மரத்துப்போகும். எல்லாவற்றையும் டிஸ்க் தலையில் கட்டிவிடக்கூடாது. மருத்துவரிடம் சர்க்கரை இருப்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

எம்ஆர்ஐ அறிக்கையைப் படிக்கும் விதம்

2015-இல் வெளியான ஜப்பானிய ஆய்வு ஒன்றில், கழுத்தில் எந்தத் தொந்தரவும் இல்லாத 1,211 பேருக்கு எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்தார்கள். அவர்களில் 87.6 விழுக்காட்டினருக்கு டிஸ்க் பிதுக்கம் தெரிந்தது. வலியே இல்லாதவர்கள் அவர்கள். ஆகவே அறிக்கையில் ‘பிதுக்கம்’, ‘தேய்மானம்’ என்று நாலைந்து வரி இருப்பதைப் பார்த்து, இனி வாழ்நாளில் சுமையே தூக்க முடியாது என்று முடிவு கட்ட வேண்டாம். படத்தில் தெரியும் இடமும், உங்கள் கையில் வலி போகும் பாதையும், மருத்துவர் தட்டிப் பார்த்துக் கண்ட பலக்குறைவும் ஒன்றோடு ஒன்று பொருந்தினால்தான் அந்தப் படத்துக்கு மதிப்பு.

இன்னொரு நல்ல செய்தியும் உண்டு. நார் வளையத்தைத் தாண்டி வெளியே வந்துவிட்ட கூழை, உடலின் எதிர்ப்பு அணுக்கள் வேண்டாத பொருளாகக் கருதி மெல்ல அரித்துக் கரைக்கின்றன. படத்தில் பார்க்கவே பயமாக இருக்கும் பெரிய பிதுக்கம் சிறியதைவிட நன்றாகச் சுருங்குவதும் உண்டு. நரம்பு வேர் வலி வந்தவர்களில் பெரும்பாலோர் அறுவை இல்லாமலே தேறுகிறார்கள். பலருக்கு 6 முதல் 12 வாரங்களில் கை வலி நன்றாகக் குறைந்துவிடுகிறது.

காத்திருக்கக் கூடாத அறிகுறிகள்

மேலே சொன்னது கைக்குப் போகும் நரம்பு வேரைப் பற்றியது. தண்டுவடமே நசுங்கினால் கதை வேறு. அதில் வலி குறைவாகக்கூட இருக்கும், அதனாலேயே ஆபத்து. கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் அடுத்த அப்பாயின்மென்ட் வரை பொறுக்காமல் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

1. சட்டைப் பட்டன் போடுவது, கையெழுத்துப் போடுவது, சாவி திருப்புவது திடீரென்று தடுமாறுகிறது.
2. நடக்கும்போது கால் பின்னுகிறது, கால் கனத்துப்போன உணர்வு.
3. இரண்டு கையும் ஒரே நேரத்தில் மரத்துப்போகின்றன.
4. சிறுநீரையோ மலத்தையோ அடக்க முடியவில்லை, அல்லது சிறுநீர் வரவில்லை.
5. கையின் பலம் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே போகிறது.
6. விழுந்த பிறகோ மோட்டார் சைக்கிள் விபத்துக்குப் பிறகோ வந்த கடும் கழுத்து வலி. காய்ச்சல், காரணமில்லாத எடைக்குறைவு, முன்பு புற்றுநோய் இருந்தது என்றாலும் இதே அவசரம்தான்.

முதல் சில வாரங்கள்

படுத்த படுக்கையாக இருப்பது உதவாது. வலி பொறுக்கிற அளவுக்கு நடப்பது, வீட்டு வேலையில் எளிதானதைச் செய்வது, கழுத்தை மெதுவாக அசைப்பது எல்லாம் நல்லது. காலர் போட்டால் சிலருக்குச் சுகமாக இருக்கும். அதை ஓரிரு வாரங்களோடு நிறுத்தி, பிறகு படிப்படியாகக் கழற்றிவிட வேண்டும். அதற்கு மேலும் காலரிலேயே இருந்தால் கழுத்துத் தசை சோம்பிப்போகும். வலிக்கிற பக்கத்துக் கையைத் தலைமேல் வைத்தால் பலருக்கு வலி சட்டென்று இறங்கும். அப்போது நரம்பின் இழுவை தளர்கிறது. இரவில் தூக்கம் வராதவர்கள் இதைச் செய்து பார்க்கலாம்.

வலி மாத்திரைகளில் இரண்டு விஷயம். அழற்சியைக் குறைக்கும் மாத்திரைகள் வயிற்றையும் சிறுநீரகத்தையும் பாதிக்கும். சர்க்கரை, ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் பார்மசியில் தாமாக வாங்கி வாரக்கணக்கில் விழுங்கக்கூடாது. நரம்பு வலிக்குக் கொடுக்கும் காபாபென்டின், பிரிகாபலின் போன்றவை தூக்கக் கலக்கம் தரும். அவற்றைச் சாப்பிட்டுக்கொண்டு ஏணி ஏறுவதும் போர்க்லிஃப்ட் ஓட்டுவதும் லோரி எடுப்பதும் உயிரோடு விளையாடுவது.

அப்புறம், முடிதிருத்தும் கடை. முடி வெட்டி முடித்ததும் தலையைப் பிடித்து ‘படக்’ என்று திருப்பிச் சொடுக்கெடுக்கும் பழக்கம் நம்மூரில் இன்னும் இருக்கிறது. சுளுக்கு எடுப்பவர்களிலும் சிலர் இதைச் செய்கிறார்கள். கை மரத்துப்போகும் ஒருவரின் கழுத்தை அப்படித் திருப்புவது பிதுக்கத்தை இன்னும் தள்ளிவிடலாம். கழுத்து வழியாக மூளைக்குப் போகும் ரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்த நிகழ்வுகளும் மருத்துவத்தில் பதிவாகியிருக்கின்றன. அரிதுதான். ஆனால் அந்த ஒரு சொடுக்கால் கிடைக்கும் சுகத்துக்கு இந்த விலை அதிகம். தோளிலும் முதுகிலும் மெதுவாக எண்ணெய் தேய்த்து உருவிவிடுவதில் தவறில்லை. கழுத்தைத் திருப்ப மட்டும் யாரையும் விடாதீர்கள்.

அறுவை பற்றிச் சுருக்கமாக: தண்டுவடம் நசுங்கியவர்கள், பலம் குறைந்துகொண்டே போகிறவர்கள், பல வார சிகிச்சைக்குப் பிறகும் வலி அடங்காதவர்கள் ஆகியோருக்கே பெரும்பாலும் அது தேவைப்படுகிறது. முன்கழுத்து வழியாக டிஸ்க்கை எடுத்துவிட்டு இரண்டு எலும்புகளையும் இணைப்பது பரவலான முறை. எலும்பு முழுதாக ஒட்டப் பல மாதங்கள் ஆகும், புகைபிடித்தால் இன்னும் தாமதமாகும். கனமான வேலைக்குத் திரும்ப 3 மாதமோ அதற்கு மேலோ ஆகலாம். தேதியைச் சொல்ல வேண்டியவர் அறுவை செய்த மருத்துவர்.

வலி போகும் வேகம், பலம் வரும் வேகம்

தேறும்போது பொதுவாக முதலில் கை வலி குறைகிறது. பலம் அதன்பின் வருகிறது. மரமரப்பு கடைசியில் போகிறது, சிலருக்கு விரல் நுனியில் கொஞ்சம் தங்கிவிடுவதும் உண்டு. நரம்பு நசுங்கி மட்டும் இருந்தால் சில வாரங்களில் விழித்துக்கொள்ளும். உள்ளே இழை அறுந்து திரும்ப வளர வேண்டியிருந்தால், அது நாளுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் வேகத்தில்தான் வளரும். கழுத்திலிருந்து விரல் வரை உள்ள தூரத்தை நினைத்துப் பார்த்தால், மாதக்கணக்கு ஏன் ஆகிறது என்பது விளங்கும். நார் வளையம் ஆறுவதும் மெதுவாகவே நடக்கிறது, ஏனென்றால் பெரியவர்களின் டிஸ்க்குக்குள் ரத்தக்குழாய்கள் அனேகமாக இல்லை.

இதற்கிடையே, வாரக்கணக்கில் சும்மா இருந்ததால் கழுத்து, தோள்பட்டைத் தசைகளும் இளைத்துப்போகின்றன. ஆக, எம்சி முடியும் நாளில் வலி பத்துக்கு இரண்டாக இருக்கலாம், பலம் பாதிகூட இருக்காது. முதல் நாளே பழைய சுமையைத் தூக்கினால் என்ன ஆகும் என்பது சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஒரு நல்ல அடையாளத்தைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். விரலில் இருந்த வலி முழங்கைக்கு ஏறி, பிறகு தோளுக்கு ஏறி, கழுத்தோடு நின்றுவிட்டால் அது தேறும் வழி. கழுத்து முன்பைவிட வலித்தாலும் பரவாயில்லை. வலி மறுபடி கைக்குள் இறங்க ஆரம்பித்தால், செய்துகொண்டிருக்கும் ஏதோ ஒன்று அதிகமாகிவிட்டது.

எந்த வேலை கழுத்தை அதிகம் பதம் பார்க்கிறது

கிலோ கணக்கை மட்டும் பார்ப்பதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. எடையைப் போலவே உயரமும் தூரமும் தலை இருக்கும் நிலையும் முக்கியம். டோஷ் எனப்படும் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறையின் வழிகாட்டிகளில் இது எண்ணாகவே இருக்கிறது. உடலோடு ஒட்டி, தொங்கவிட்ட கைக்கும் முழங்கைக்கும் இடைப்பட்ட உயரத்தில் என்றால் ஆணுக்கு 25 கிலோ, பெண்ணுக்கு 16 கிலோ. தோளுக்கு மேலே போனால் ஆணுக்கு 10, பெண்ணுக்கு 7. கையை நீட்டிக்கொண்டு என்றால் அது 5-ஆகவும் 3-ஆகவும் சுருங்குகிறது. இவை காயம் ஏதும் இல்லாத ஆட்களுக்கான அளவுகள் என்பதை மறக்க வேண்டாம்.

தலையை அண்ணாந்து வலிக்கிற பக்கம் சாய்த்தால் நரம்பு வெளியே வரும் துளை இன்னும் குறுகுகிறது. மருத்துவர் பரிசோதனையில் வேண்டுமென்றே அப்படிச் சாய்த்துப் பார்ப்பதும் இதனால்தான். இப்போது செம்பனைத் தோட்டத்தை நினைத்துப் பாருங்கள். உயர்ந்த மரத்தில் குலை வெட்டுபவர் நீளக் கம்பத்தின் நுனியில் உள்ள அரிவாளைப் பார்த்தபடி, அண்ணாந்த நிலையில், இரண்டு கையாலும் பலமாக இழுக்கிறார். கழுத்து டிஸ்க் நோயாளிக்கு அதே பரிசோதனையை நாள் முழுக்கச் செய்வதற்குச் சமம் இது. அதே தோட்டத்தில் இளமரங்களில் உளியால் வெட்டும் வேலையில் தலை அவ்வளவு அண்ணாராது. ஆகவே ‘குலை வெட்ட வேண்டாம்’ என்பதைவிட ‘உயர மரம் வேண்டாம்’ என்று எழுதினால் ஒருவருடைய வருமானம் தப்பிக்க வழி இருக்கிறது. உதிரிப் பழம் பொறுக்குவதை எளிய வேலை என்று கொடுப்பார்கள். ஆனால் நாள் முழுக்கக் குனிந்தே இருந்தால் அதுவும் கழுத்துக்குப் பாரம்தான்.

துறைமுகத்தில் கொள்கலன்களைக் கம்பி போட்டு இறுக்குவது, ஏர்கான் மாட்டுவது, சீலிங்குக்குச் சாயம் அடிப்பது, வயரிங் எல்லாம் இதே அண்ணாந்த வகை. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் மைக்ரோஸ்கோப் வழியே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெண்களுக்குச் சுமையே இல்லை. ஆனால் மணிக்கணக்கில் குனிந்த கழுத்து, ஏறக்குறைய 5 கிலோ தலையைத் தாங்கிக்கொண்டே இருக்கிறது. அவர்களுக்கு வேண்டியது அடிக்கடி இடைவேளையும் உயரம் சரிசெய்த நாற்காலியும்.

தைப்பூசத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். பினாங்கின் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு நேர்ந்துகொண்டவர்கள் பலர். தலையில் வைக்கும் பால்குடம் நேராகக் கழுத்தின்மேல் இறங்கும் சுமை. காவடியின் பாரம் தோளில் இறங்கினாலும், அதை ஆடாமல் நிறுத்துவது கழுத்துத் தசைதான். அதோடு 513 படிகள். காயம் பட்ட ஆண்டில் பால்குடத்தைக் கையில் ஏந்திப் போகலாம், காவடியை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைக்கலாம். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டான்.

படிப்படியாகத் திரும்புவது எப்படி

பிசியோதெரபிஸ்ட் தரும் பயிற்சிகளில் இரண்டு வகை கட்டாயம் இருக்கும்: முன்கழுத்தின் உள்தசைக்கு, மோவாயை லேசாக உள்ளே இழுத்துத் தலையாட்டுவது, தோள்பட்டை எலும்பைப் பின்னுக்கு இழுத்துப் பிடிக்கும் தசைக்கு, ரப்பர் பட்டையை இழுப்பது. பார்த்தால் சின்னப் பிள்ளை விளையாட்டு மாதிரி இருக்கும். சுமை தூக்கிப் பழகிய ஆட்கள் இதை அலட்சியமாக விட்டுவிடுகிறார்கள். எனக்குத் தெரிந்தவரை, தேறுவது பாதியில் நின்றுபோவதற்கு இதுவே பெரிய காரணம்.

1. முதலில் வேலை இல்லாமலே ஒரு சோதனை: இரண்டு பக்கமும் தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்க்க முடிகிறதா? கை வலி இல்லாமல் அரை மணி நேரம் நடக்க முடிகிறதா? இரண்டு கையின் பிடியும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கிறதா?
2. வீட்டில் 5 கிலோ அரிசிப் பையை மேசையிலிருந்து மேசைக்கு, இடுப்பு உயரத்திலேயே மாற்றிப் பழகுங்கள். தரையிலிருந்து எடுப்பது பிறகு. தோளுக்கு மேலே ஏற்றுவது எல்லாவற்றுக்கும் கடைசி.
3. வேலையில் முதல் வாரம் நேரத்தைக் குறைத்து, தோளுக்குக் கீழே உள்ள வேலை மட்டும்.
4. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் கூட்டுங்கள். எடையைக் கூட்டும் வாரத்தில் மணி நேரத்தைக் கூட்டாதீர்கள். ஓவர்டைம் இந்தக் கட்டத்தில் வேண்டவே வேண்டாம்.
5. அடுத்த நாள் காலையை வைத்து முடிவெடுங்கள். கழுத்துத் தசை வலி ஒரு நாளில் அடங்கினால் தொடரலாம். கை வலியோ மரமரப்போ 24 மணி நேரம் கழித்தும் அதிகமாகவே இருந்தால் ஒரு படி கீழே இறங்க வேண்டும்.

லைட் டியூட்டி கடிதத்தில் என்ன இருக்க வேண்டும்

இரண்டு சொல் கடிதம் யாருக்கும் உதவாது. அதைப் படிக்கும் மேற்பார்வையாளர், 30 கிலோ மூட்டைக்குப் பதில் 20 கிலோ கொடுத்துவிட்டு, எளிய வேலை கொடுத்ததாகவே நம்புவார். மருத்துவரையும் முழுதாகக் குறை சொல்ல முடியாது. உங்கள் வேலை எப்படி இருக்கும் என்று அவர் பார்த்ததில்லை. வேலையை ஒரு நிமிட வீடியோவாகக் கைப்பேசியில் எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள். எத்தனை கிலோ, எவ்வளவு உயரம், ஒரு மணி நேரத்துக்கு எத்தனை தடவை என்று எழுதிக்கொண்டு போங்கள். பிறகு கடிதத்தில் இவை வரும்படி கேளுங்கள்:

1. தூக்கக்கூடிய எடை, எந்த உயரம் வரை.
2. அண்ணாந்து பார்ப்பது, தோளுக்கு மேல் கை தூக்குவது கூடுமா.
3. ஏணி, உயரமான இடம், வண்டி, இயந்திரம் ஓட்டுவது கூடுமா.
4. ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம், எத்தனை நேரத்துக்கு ஒருமுறை இடைவேளை.
5. இந்தக் கட்டுப்பாடு எந்தத் தேதி வரை, மறுபரிசோதனை எப்போது.

கடைசியாக உள்ள தேதி முதலாளிக்கும் தைரியம் தரும். முடிவே இல்லாத லைட் டியூட்டி என்றால்தான் அவர் பின்வாங்குகிறார். 1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் திருத்தம் 2024 ஜூன் 1 முதல் நடப்பில் இருக்கிறது. அதன்படி, பாதுகாப்பு அதிகாரி வைக்கக் கட்டாயமில்லாத இடங்களிலும் 5 ஊழியர்களோ அதற்கு மேலோ இருந்தால் ஒரு பாதுகாப்பு, சுகாதார ஒருங்கிணைப்பாளரை நியமிக்க வேண்டும். கடிதத்தின் நகலை அவரிடமும் கொடுங்கள்.

எம்சி, பெர்கேசோ, வேலை உரிமை

தீபகற்ப மலேசியாவில் 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, மருத்துவ விடுப்பு ஆண்டுக்கு 14 நாள். 2 ஆண்டு வேலை செய்திருந்தால் 18, 5 ஆண்டு தாண்டினால் 22. மருத்துவமனையில் தங்க வேண்டியிருந்தால் 60 நாள் வரை உண்டு. 2023 ஜனவரி முதல் இந்த 60 நாள் தனிக்கணக்கு, முன்பு போல மருத்துவ விடுப்பு அதில் கழியாது. இருந்தும், கழுத்து டிஸ்க்குக்கு வெறும் 14 நாள் போதாது என்பது மேலே உள்ள கணக்கிலேயே தெரிகிறது. இங்கேதான் பெர்கேசோ எனப்படும் சமூகப் பாதுகாப்பு நிறுவனம் வருகிறது.

வேலையில் நடந்த விபத்தாக இருந்தால், வேலைக்குப் போகும் வரும் வழியில் நடந்ததாக இருந்தாலும், வேலைக் காயத் திட்டத்தில் கோரலாம். விபத்து நாளையும் சேர்த்துக் குறைந்தது 4 நாள் எம்சி இருந்தால் தற்காலிக இயலாமை உதவி கிடைக்கும். அது சராசரி தினச் சம்பளத்தில் 80 விழுக்காடு. முதலாளி 48 மணி நேரத்துக்குள் விபத்தைத் தெரிவிக்க வேண்டும். வெளிநாட்டு ஊழியர்களுக்கும் 2019 ஜனவரி முதல் இந்தத் திட்டம் உண்டு. தமிழ்நாட்டிலிருந்து வந்து பினாங்கு உணவகங்களில் வேலை செய்யும் பலருக்கு இது தெரிவதில்லை. உணவு விநியோகம் செய்பவர்கள், சொந்தமாக லோரி ஓட்டுபவர்கள் 2017-ஆம் ஆண்டு சுயதொழில் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் சந்தா கட்டியிருந்தால் அவர்களுக்கும் பாதுகாப்பு உண்டு.

சிக்கல் பெரும்பாலும் ஒரே இடத்தில் வருகிறது: இது விபத்தா, வயதால் வந்த தேய்மானமா? எம்ஆர்ஐயில் இரண்டுமே கலந்து தெரியும். எனவே முதல் தடவை கிளினிக்குக்குப் போகும்போதே, எந்த நாள், எத்தனை மணிக்கு, எதைத் தூக்கும்போது வலித்தது என்று சொல்லி, அது மருத்துவக் குறிப்பில் ஏறும்படி பார்த்துக்கொள்ளுங்கள். மேற்பார்வையாளருக்கு அன்றே வாட்ஸ்அப் அனுப்புங்கள், பார்த்தவர்கள் பெயரைக் குறித்து வையுங்கள். ‘ரெண்டு நாள்ல சரியாயிடும்’ என்று விட்டுவிட்டு, மூன்றாவது வாரம் போய்ச் சொன்னால் நிரூபிப்பது கடினம். விபத்தென்று ஏற்றுக்கொள்ளப்படாவிட்டால் மிஞ்சுவது இயலாமை ஓய்வூதியத் திட்டம். அதற்கு நோயில்லாத ஓர் ஊழியரின் வழக்கமான வருமானத்தில் மூன்றில் ஒரு பங்குக்குமேல் சம்பாதிக்க முடியாத நிலை இருக்க வேண்டும். இது மிகக் கடுமையான அளவுகோல், தேறிவரும் டிஸ்க் நோயாளிகள் பலர் அதற்குள் வர மாட்டார்கள்.

பணத்தைவிட எனக்கு முக்கியமாகத் தோன்றுவது, பெர்கேசோ 2007-இல் தொடங்கிய வேலைக்குத் திரும்பும் திட்டம். உங்களுக்கென ஒரு கேஸ் மேனேஜர் வருவார். மருத்துவர், பிசியோதெரபிஸ்ட், முதலாளி மூவரிடமும் பேசுவது அவர் பொறுப்பு. தேவைப்பட்டால் மலாக்காவில் உள்ள பெர்கேசோ துன் அப்துல் ரசாக் மறுவாழ்வு மையத்துக்கு அனுப்புவார், பழைய வேலை முடியாது என்றால் அதே நிறுவனத்தில் வேறு வேலை பார்க்க முயற்சி செய்வார். உதவி கோரும்போதே இதையும் கேளுங்கள். ஆறு மாதம் வீட்டில் உட்கார்ந்த பிறகு கேட்பதைவிட, எம்சியில் இருக்கும்போதே கேட்டால் வேலையிடத்தோடு தொடர்பு அறுபடாமல் இருக்கும்.

‘உங்களால் முடியாது, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள்’ என்று ராஜினாமாக் கடிதத்தை நீட்டினால் அந்த இடத்திலேயே கையெழுத்துப் போடாதீர்கள். தானாக விலகியவர் ஆகிவிட்டால் பிறகு முறையிடுவது மிகவும் சிரமம். நியாயமான காரணமில்லாமல் நீக்கப்பட்டவர், 1967-ஆம் ஆண்டு தொழிலுறவுச் சட்டத்தின் 20-ஆம் பிரிவின்கீழ், நீக்கப்பட்ட நாளிலிருந்து 60 நாட்களுக்குள் தொழிலுறவுத் துறையில் முறையிடலாம். அதில் வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதில்லை. எம்சி, லைட் டியூட்டி கடிதம், வாட்ஸ்அப் செய்திகள் எல்லாவற்றின் நகலையும் கொண்டுபோங்கள்.